மூன்றாம் ஓலை

இரண்டாம் மணி அடித்து ஓய்ந்தபோது சுகிர்தா வேதக்கோயிலில் பெண்கள் பக்கத்தில் ஐந்தாவது பெஞ்சின் ஓரத்தில், தூணை ஒட்டிப் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த மறுகணமே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் என்ன என்று தோன்றியது. நாற்பத்து மூன்று வயதில் ஒருத்தி தன் கல்யாண ஓலையைத் தானே கேட்க வந்து உட்காருவது கிருபாபுரம் சபையில் நடக்காத காரியம். மூன்று ஞாயிறு, மூன்று முறை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஐயர் சபை நடுவே வாசித்துக் கேட்பார், அதற்குப் பெயர்தான் ஓலை. குருவானவரை இந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வது. மூன்று முறையும் யாரும் வாய் திறக்கவில்லையென்றால் கல்யாணம். கேட்கிற அந்த மூன்று ஞாயிறும் பெண் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும், யார் போட்ட சட்டமோ, வேதத்தில் எங்கும் இல்லை, ஆனால் ஊரில் இருக்கிறது, ஊரில் இருப்பதற்கு எதிராகப் பேச வேதத்தில் இருப்பதற்கு எப்போதும் தைரியம் போதாது. போன இரண்டு ஞாயிறும் அவள் ஒழுங்காக வீட்டில்தான் இருந்தாள். இன்று காலை சேலையை மாற்றிக்கொண்டு நின்றவளைப் பார்த்து அக்கா தவமலர், “நீ கோயிலுக்கு வரக் கூடாதுட்டி, நான் போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்” என்றாள். “போன தடவையும் நீதான வந்து சொன்ன” என்றாள் சுகிர்தா. அக்கா செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். பாவம் அக்கா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த நேரம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, உரித்த வெங்காயத்தையே திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டு, கேட் திறக்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அதைவிட இது மேல். இதுவா மேல்? உள்ளே வரும்போதே அவள் பார்த்துவிட்டாள், வாதாமரத்தடியில் அந்த பைக் நின்றது, சீட்டின் ஓரம் கிழிந்து கறுப்பு டேப் ஒட்டிய அந்த பைக், ஆலடிவிளையில் தன் சொந்தச் சபையில் இருக்க வேண்டிய மாப்பிள்ளை அருமைநாயகத்தின் பைக். அவர் ஏன் இங்கே வந்தார்? வந்தவர் ஏன் கோயிலுக்குள் வராமல் பக்கவாட்டில் ஐயரின் அறைக்குள் போனார்? வெஸ்ட்ரியின் பச்சைக் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்தாள்.

மூன்றாம் மணி அடித்தது, எல்லாரும் எழுந்தார்கள், அவளும் எழுந்தாள், வாய் தானாக ஞானப்பாட்டைப் பாடியது. சின்ன வயதிலிருந்து பாடுகிற பாட்டுக்கு மனசு வேண்டாம், வாயே போதும். கண் மரப்பலகையில் மாட்டியிருந்த பாட்டு எண்களுக்குப் போனது. இது அவளுடைய பழைய வியாதி. எண்களைக் கூட்டிப் பார்ப்பாள், ஏழில் முடிந்தால் நல்லது, மூன்றில் முடிந்தால் அதைவிட நல்லது, வேறெதிலாவது முடிந்தால் சரியாகக் கூட்டவில்லை என்று மறுபடி கூட்டுவாள். ஆண்டவர் தன்னிடம் பேசுவதற்கு ஞானப்பாட்டுப் பலகையைப் பிடித்துத் தொங்க வேண்டிய அவசியம் இல்லை என்று அவளுக்கே தெரியும். பத்தொன்பது வருஷமாக எங்கெங்கே அடையாளம் தேடியிருக்கிறாள் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வருஷப் பிறப்பு ஆராதனையில் தட்டில் நீட்டுகிற, வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை எல்லாரும் மேலாக எடுப்பார்கள், இவள் மட்டும் அடியில் விரலை விட்டு எடுப்பாள். மேலே இருப்பது அவசரத்துக்கு வைத்தது, அடியில் இருப்பதுதான் தனக்கென்று வைத்தது என்று ஒரு நினைப்பு. அந்தப் பத்தொன்பது அட்டைகளும் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. மலைகளைப் பற்றி மூன்று, தண்ணீரைப் பற்றி நான்கு, பகைவர்களைப் பற்றி இரண்டு. நர்ஸான அவளுக்குப் பகைவர்களே கிடையாது, ஊசி போட்ட குழந்தைகளைத் தவிர. கல்யாணத்தைப் பற்றி ஒன்றுகூட வந்ததில்லை. கடைசியாக இந்தச் சம்பந்தம் வந்தபோது, மூன்று மாதம் முன்னால், ஊரில் எல்லாரும் செய்கிறபடி சீட்டு எழுதி வேதப்புத்தகத்துக்குள் போட்டாள். ஒரே அளவாக மூன்று சீட்டு, ஒன்றில் சரி, ஒன்றில் வேண்டாம், ஒன்றில் காத்திரு. மூன்று நாள் ஒரு வேளை உபவாசம் இருந்து ஜெபம் பண்ணி, மூன்றாம் நாள் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். காத்திரு. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஆண்டவரே, உமக்கே இது அடுக்குமா, பத்தொன்பது வருஷம் நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தீர், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவளுக்குக்கூட ஒரு பஸ் வரும் என்று சத்தமாகவே கேட்டாள். அடுத்த வீட்டு டிவி சத்தத்தை யாரோ குறைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

எல்லாரும் முழங்கால் போட்டார்கள். பாவ அறிக்கை. முழங்கால் போடும்போது இடது காலில் சேலை ஏறியது, சட்டென்று இழுத்து விட்டாள். மாவிலை அளவுக்கு ஒரு வெள்ளை, கணுக்காலுக்கு மேலே, இருபத்திரண்டு வயதில் வந்தது. யாருக்கும் தொற்றாது, உயிருக்கு ஒன்றும் இல்லை, தோலில் நிறம் போகிறது அவ்வளவுதான் என்று கிராம சுகாதார செவிலியரான அவளே நூறு பேருக்கு விளக்கியிருக்கிறாள், தனக்கு இருப்பதாகச் சொல்லாமல். போன வருஷம் இரண்டு விரல் மூட்டிலும் வந்துவிட்டது, இனி சொல்லாமல் இருக்க வழியில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், முதலில் பேசிய அந்தக் கல்யாணத்துக்கு, அந்த மனிதரின் பெயரை அவள் மனசுக்குள்ளேயும் சொல்வதில்லை, இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, ஜவுளி எடுத்தாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறு காலை அம்மா தலையில் எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். கேட் சத்தம். அக்கா முதலில் வந்தாள், தலையில் போட்ட முந்தானையை எடுக்காமலே வந்தாள், வாசலில் நின்று, “ஓலை வாசிக்கலம்மா” என்றாள். அம்மாவின் கை தலையில் அப்படியே நின்றது. “மறந்திருப்பாவ” என்றாள் அம்மா. பின்னால் வந்த அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், தடவித் தடவி மாட்டினார், “மறக்கல. மாப்பிள்ளை வீட்டார் நேத்தே ஐயர் அறையில வந்து நிறுத்தச் சொல்லியிருக்காவ. காலுல குஷ்டம்னு யாரோ சொன்னாவளாம்” என்றார். சபையில் எழுந்து நின்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவள் எழுந்து போய்க் காலைக் காட்டிப் பதில் சொல்லியிருப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? ஐயர் மற்ற அறிவிப்புகளை வாசித்தார், அதை விட்டார், பாட்டுக்குப் போனார், முடிந்தது. ஒன்றும் வாசிக்காமல் விடுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்த நேரத்துக்குள் அவளுடைய பத்தொன்பது வருஷம் போயிற்று. பச்சைக் கதவு. அப்போதும் அதே பச்சைக் கதவுதான், நடுவில் இரண்டு முறை பெயின்ட் அடித்திருப்பார்கள்.

எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். சங்கீதம் மாறி மாறி வாசித்தார்கள், ஆண்கள் ஒரு வரி, பெண்கள் ஒரு வரி. ஆண்கள் வரி வரும்போது அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், அதற்குள் அவர் குரல் இருக்கிறதா என்று. நூறு குரலுக்குள் ஒரு மோட்டார் மெக்கானிக்கின் குரலை எப்படிப் பிரித்தெடுப்பது? தூண் வேறு மறைத்தது. மறைக்கட்டும் என்றுதானே தூணோரம் பார்த்து உட்கார்ந்தாள். அக்கா பக்கத்திலிருந்து, “என்னட்டி இப்படி வேர்க்குது, காலைல ஒண்ணும் சாப்பிடலியா” என்று காதுக்குள் கேட்டாள். ஆனி மாசத்துக் காற்று ஜன்னல் வழியாகத் தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளிக்கொண்டு வந்து போட்டுக்கொண்டிருந்தது, அந்தக் காற்றிலும் வேர்த்தது. அவர் பின்வாங்குகிற ஆள் இல்லை. எப்படித் தெரியும்? தெரியும். போன மழைக்காலத்துக்கு முன்னால் துணை சுகாதார நிலையத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. மூன்று பேரைக் கூப்பிட்டு மூன்று பேரும் வருகிறேன் என்று சொல்லி வராமல், நான்காவதாக வந்தவர் அருமைநாயகம். காலையில் கழற்றிக்கொண்டு போய், உள்ளே புதுச் செம்புக் கம்பி சுற்றிச் சாயங்காலம் கொண்டு வந்து மாட்டினார். தண்ணீர் வந்தது. மற்றவர்களாக இருந்தால் அதோடு கிளம்பியிருப்பார்கள். அவர் வாசல் சிமெண்டுத் திண்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, செம்புக் கம்பித் துண்டுகளை, மயிர் கனம்கூட இல்லாத துண்டுகளை, ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார். “பெருக்குறவங்க நாளைக்கு வருவாங்க, விடுங்க” என்றாள் அவள். “சின்னக் கம்பிதான் நர்ஸம்மா. ஆனா பிள்ளைங்க தவழுத எடம்லா” என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தச் சாயங்காலம் அவர் போன பிறகு அவள் வெறுங்காலோடு அந்தத் திண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தாள். ஒன்றும் குத்தவில்லை. ஏன் நடந்தோம் என்று அவளுக்கே அப்போது விளங்கவில்லை.

அவர் மனைவி இறந்து ஆறு வருஷம், மகள் நாகர்கோவிலில் படிக்கிறாள் என்பதெல்லாம் சம்பந்தம் பேச வந்தபோது தெரிந்தது. அவர் பேச வந்த அன்று அவள் அக்காவை வெளியே அனுப்பிவிட்டுச் சேலையை ஒரு சாண் தூக்கிக் காலைக் காட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ சொல்வதைவிடத் தானே காட்டுவது மேல். “இது இருக்கு. விரல்லயும் வந்திருக்கு. இன்னும் பரவலாம், பரவாமலும் இருக்கலாம்” என்றாள், நோயாளி வீட்டாரிடம் சொல்கிற அதே குரலில். அவர் பார்த்தார். மோட்டார் கம்பிக்குப் பூசும் வார்னிஷ் படிந்து படிந்து கறுத்துப்போன தன் விரல்களைப் பார்த்தார். “வலிக்குமா?” என்றார். “இல்ல.” “அப்பம் சரி” என்றார். அவ்வளவுதான். அந்த வெள்ளையைப் பற்றி எத்தனையோ பேர் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள், எப்போது வந்தது, யார் வழியில் வந்தது, எந்த எண்ணெய் போடுகிறாய் என்று. வலிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை, பெற்ற தாய்கூடக் கேட்டதில்லை. அன்று ராத்திரி அவளுக்குச் சந்தோஷத்தில் சாதம் இறங்கவில்லை. இறங்காத சாதத்தோடுதான் சீட்டு எழுதி வேதப்புத்தகத்துக்குள் போட்டாள். வந்தது காத்திரு. போட்டிருக்கவே கூடாது. கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரனிடம் இது அசல்தானா என்று கேட்கிற புத்தி. சீட்டு வந்த மறுநாளுக்கு மறுநாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள், இருபத்தாறு குழந்தைகள், ஒரே அழுகை. புதுத் தாய் ஒருத்தி, செல்லக்கனி என்று பேர், ஊசி போட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். “எங்க ஓடுதிய, பெஞ்சில உக்காருங்க, அரை மணி நேரம் காத்திருங்க” என்று சுகிர்தா வழக்கம்போல் சத்தம் போட்டாள். அந்தப் பெண் திரும்பி, கண்ணெல்லாம் தண்ணீராக, “எதுக்கு டாக்டரம்மா, இன்னும் எதும் ஊசி இருக்கா?” என்றாள். “ஊசி இல்லம்மா. பிள்ளைக்கு எதும் ஆச்சுன்னா நான் பக்கத்துல இருக்கணும்லா, அதுக்குத்தான்” என்றாள் சுகிர்தா. சொன்னவள் கையில் பஞ்சை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் இருபது முறையாவது அவள் வாயால் சொல்கிற வார்த்தை. காத்திருங்க. யாரையும் தண்டிக்கச் சொன்னதில்லை, ஓரம்கட்டச் சொன்னதில்லை. மேசையிலிருந்து ஒரு கண்ணை அந்தப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு சொன்னதுதான். அன்று கடைசிக் குழந்தை போகிறவரை அவளுக்குப் பஞ்சு எது, மருந்துக்குப்பி எது என்று கண் மங்கலாகவே இருந்தது. சாயங்காலம் அக்காவிடம், எனக்குச் சம்மதம் என்று சொன்னாள்.

இப்போதும் அந்தச் சீட்டு மடியில் இருக்கிற வேதப்புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. விசுவாசப் பிரமாணம் சொல்லி முடித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. இனி அறிவிப்புகள். அக்கா தன் கையை எடுத்துச் சுகிர்தாவின் கைமேல் வைத்தாள், வெள்ளை விழுந்த விரல் மூட்டின்மேலேயே வைத்தாள். ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். போன மாதம்தான் மாற்றலாகி வந்த சின்ன வயது ஐயர், பழைய கதை ஒன்றும் தெரியாதவர், அல்லது இன்று காலை பச்சைக் கதவுக்குள் தெரிந்துகொண்டவர். செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்றார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்றார். அசன விருந்துக்கு அரிசி கொடுக்கிறவர்கள் உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை வீட்டு ஜெபம் கிழக்குத் தெருவில் வாத்தியார் வீட்டில். போன ஞாயிறு யாரோ ஒரு நீலக் குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சுகிர்தா ஒவ்வொன்றையும் இதுதான், அடுத்தது இதுதான் என்று கேட்டாள். நீலக் குடைக்குப் பிறகு ஐயர் கையிலிருந்த தாளை மடித்தார். “பிரசங்கத்துக்கு முன்பாக ஞானப்பாட்டு பாடுவோம்” என்றார்.

முடிந்தது. சத்தமே இல்லாமல் முடிந்தது. கீபோர்டில் பாட்டு வாசிக்கிற தம்பி புத்தகத்தில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தான், காற்று அவன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிவிட்டது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கட்டையைத் தேடினான். அவன் முதல் கட்டையை அழுத்துகிறவரைதான் நேரம். மறந்திருப்பாவ. அம்மா சொன்ன அதே வார்த்தை அம்மாவின் குரலிலேயே காதுக்குள் வந்தது, அன்று அது எவ்வளவு பரிதாபமாக இருந்தது. மறந்திருந்தால்? மறக்கவில்லை என்றால்? அவர் பச்சைக் கதவுக்குள் போய் என்ன சொன்னார்? மகள் வேண்டாம் என்றிருப்பாளா, பரவும் என்று யாராவது சொல்லியிருப்பார்களா, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாரா, நிமிர்ந்து பார்த்துச் சொன்னாரா? எட்டிப் பார்த்தாள், தூண் மறைத்தது. அவர் முகம் தெரிந்தால் தெரிந்துவிடும், ஆனால் தூண் மறைத்தது, ஆண்டவரே, ஒரே ஒரு அடையாளம், கடைசியாக ஒன்று, பலகையில் எண், 218, கூட்டினால் பதினொன்று, பதினொன்றுக்கு என்ன அர்த்தம், ஒரு அர்த்தமும் இல்லை, அது பாட்டு எண். வீட்டுக்குப் போய்விடலாம். வெங்காயம் உரிக்கலாம். யாரையும் ஒன்றும் கேட்காமல் இன்னொரு பத்தொன்பது வருஷம் இருந்துவிடலாம், பழகிப்போன காரியம்தானே, பிஸ்கட் டின்னில் இடம் இருக்கிறது. பின் பெஞ்சில் ஒரு குழந்தை சிணுங்கியது. திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது, செல்லக்கனியின் குழந்தை, அந்தக் குரலை அவள் அறிவாள். அன்று அரை மணி நேரம் ஆனதும் அந்தப் பெண் எழுந்திருக்கவேயில்லை. ஒரு மணி நேரமாகியும் பெஞ்சிலேயே இருந்தாள். சுகிர்தா கிட்டப் போய்ச் சிரித்துக்கொண்டு, “எம்மா, காத்திருந்தது போதும், எந்திங்க. எந்திச்சுப் போறது உங்க வேலை, நானா தூக்கி விடுவேன்?” என்றாள். அதையும் அவள்தானே சொன்னாள். அவள் வாயாலேயே சொன்னாள். ஆண்டவரே, நீர் அந்த மேசையில்தான் இருக்கிறீர். ஒரு கண் இந்தப் பெஞ்சின்மேல்தான் இருக்கிறது. அக்காவின் கையை மெதுவாக எடுத்து அக்காவின் மடியிலேயே வைத்தாள். எழுந்தாள்.

பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்து அவளுக்குப் பின்னால் இருந்த நாலைந்து பெஞ்சும் எழுந்தது. அதைப் பார்த்து ஆண்கள் பக்கமும் எழுந்தது. இது எதுவும் அவளுக்குத் தெரியாது.

“ஐயா” என்றாள். புதன்கிழமைக் குரல், இருபத்தாறு குழந்தைகளின் அழுகைக்கு மேலே கேட்கிற குரல், அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பாட்டு வாசிக்கிற தம்பி கட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். “ஐயா, எங்க மூணாவது ஓலையை நீங்க வாசிக்கல.”

அக்கா, “ஏட்டி” என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கோயிலில் ஆராதனை நடுவே ஒரு பெண்குரல் தனியாகக் கேட்டது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஐயர் அவளைப் பார்த்தார். மடித்த தாளை விரித்துப் பார்த்தார். வேதப்புத்தகத்துக்கு அடியில் பார்த்தார், அங்கிக்குள் கையை விட்டுப் பார்த்தார், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயையோ” என்றார், ஐயர் என்பதை மறந்து, மைக்கிலேயே. வெள்ளை அங்கி படபடக்க வெஸ்ட்ரிக்குள் ஓடி, கையில் ஒரு ரெஜிஸ்டரோடு திரும்பி ஓடி வந்தார். “சபையார் மன்னிக்கணும். மாப்பிள்ளை காலைல அவங்க சபையில ஏழு மணி ஆராதனையில மூணாம் ஓலை வாசிச்சு முடிஞ்சதும், அந்தச் சான்றை எடுத்துக்கிட்டு நேரா இங்க வந்து கொடுத்தாங்க. பேரெல்லாம் சரியா இருக்கான்னு ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தேன். பார்த்துட்டு ரெண்டையும் மேசையிலயே வச்சுட்டு வந்துட்டேன். தப்பு என்னுடையது. எல்லாரும் உக்காருங்க.”

நின்றதில் இப்போது தூண் மறைக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் அருமைநாயகம் மற்றவர்களுக்கு முன்னால் ஒரு அடி எடுத்து வைத்து, கறுத்த விரலை உயர்த்தி, வாயைத் திறந்தபடி நின்றார். கேட்கத்தான் எழுந்திருக்கிறார், அவள் முந்திக்கொண்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் அவளையேதான் பார்த்தார். பெஞ்சுகள் எல்லாம் கிறீச்சிட்டு அடங்கின. ஐயர் வாசித்தார். ஆலடிவிளை சபையைச் சேர்ந்த, மனைவியை இழந்தவரான அருமைநாயகம் அவர்களுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற பொன்னுசாமி, காலஞ்சென்ற ஞானவடிவு இவர்களின் இளைய குமாரத்தி சுகிர்தா அவர்களுக்கும். அப்பா பெயரும் அம்மா பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக மைக்கில் வந்தன. ஆணியில் மாட்டிய அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. அப்பா, வாசிச்சாச்சு. “இந்த இருவரும் திருமணம் செய்துகொள்ளத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். இது மூன்றாம் ஓலை” என்று முடித்தார் ஐயர். முடித்துவிட்டு, கேட்க வேண்டிய முறைப்படி, நிமிர்ந்து சபையைப் பார்த்தார்.

இதுதான் அந்த மௌனம். வீட்டிலிருந்தபடி அவள் ஆயிரம் முறை கற்பனை பண்ணிய மௌனம். உள்ளேயிருந்து கேட்டால் அது ஒன்றும் அவ்வளவு மௌனமாக இல்லை. மேலே மின்விசிறி ஒன்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுற்றியது, யாரோ இருமினார்கள், செல்லக்கனியின் குழந்தை வளையலைக் கடித்தது, ஜன்னல் கதவு காற்றில் ஒருமுறை அடித்துக்கொண்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பாதிப் பேர் அவள் கையால் ஊசி போட்டு வளர்ந்த பிள்ளைகள், எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறார்கள்? அக்கா மறுபடி சேலையை இழுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற கோயிலில் நிற்பது அவள் ஒருத்திதான்.

ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. “அம்மா, தடை இருக்கிறவங்கதான் எழுந்து நிக்கணும். உங்களுக்கு ஏதும் தடை இருக்கா?”

கோயில் சிரித்தது. சுகிர்தா சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, துடைக்கவும் இல்லை. முந்தானை தலையிலிருந்து நழுவியதை எடுத்துப் போடவும் இல்லை.

“இல்லங்கய்யா” என்றாள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படியாக. “ஒரு தடையும் இல்ல.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.